பேரம் பேசப் பழக்க யாரைக் கூப்பிடுவது: நுவரெலியா மரக்கறி நிறுவனமொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் வேலை செய்யும் நிறுவனம் இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவில் இருக்கிறது. கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் எடுத்து, கழுவித் தரம் பிரித்து, கொழும்பில் சுப்பர் மார்க்கட்டுகளுக்கும் சில ஹோட்டல்களுக்கும் அனுப்புகிறோம். ஒரு நாளைக்கு ஆறேழு தொன் போகும். விலை பேசுகிறவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஐந்து பேர் தோட்டக்காரர்களிடம் வாங்குகிறவர்கள், நாலு பேர் கொழும்புக்கு விற்கிறவர்கள். இவர்களில் யாரும் பேரம் பேசுவதை எங்கும் போய்ப் படித்ததில்லை, வேலைக்குச் சேர்ந்து, மூத்தவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்தான்.

2024இல் இவர்களுக்குப் பேச்சுவார்த்தைப் பயிற்சி கொடுக்க இரண்டு தடவை முயன்றோம். முதல் தடவை காசு வீணானது. இரண்டாவது தடவை பலன் கிடைத்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் அடியும் விழுந்தது. இரண்டு தடவையும் பயிற்சி நிறுவனத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. இதே வேலை வேறொருவர் கையில் வரும்போது உதவட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ நிறுவனங்களின் பெயரோ எங்கும் போடவில்லை.

முதல் தடவை

பெப்ரவரியில் கொழும்பில் ஒரு பெரிய பயிற்சி நிறுவனம் இரண்டு நாள் செயலமர்வு வைத்தது. நட்சத்திர ஹோட்டல், சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் உண்டு. விலைமனுவில் ஆளுக்கு 45,000 ரூபா என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், வற் (பெறுமதி சேர் வரி) தவிர என்பது அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வருடம் ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம் ஆகியிருந்ததால் ஆளுக்கு 53,100 வந்தது. விற்பனைப் பக்கத்தில் மூன்று பேரை அனுப்பினோம். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போய், இரண்டு இரவு தங்கி, சான்றிதழோடு வந்தார்கள்.

பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. மூவரில் ஒருவருக்குத்தான் ஆங்கிலம் சரளமாக வரும். மற்ற இருவரில் ஒருவர் பல மாதம் கழித்து, நான் வற்புறுத்திக் கேட்ட பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சு சேர், ஆனா ரெண்டு நாளும் நான் வாயத் தொறக்கல." வாயைத் திறந்து பேசப் பழக்கும் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பி, அவர் இரண்டு நாளும் மௌனமாக இருந்துவிட்டு வந்திருக்கிறார், அது எனக்கு அதுவரை தெரியாது. அனுப்பும் முன் என்ன மொழியில் நடக்கும் என்று நான் கேட்கவே இல்லை. இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

அவர்கள் கற்று வந்ததில் முக்கியமானது தோடம்பழக் கதை. ஒரு தோடம்பழத்துக்கு இரண்டு சகோதரிகள் சண்டை போட்டு ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொள்கிறார்கள், பிறகு பார்த்தால் ஒருத்திக்குத் தோல்தான் வேண்டும், மற்றவளுக்குச் சாறு. நல்ல கதைதான். ஆனால் கரட்டுக்கு விலை குறைக்கச் சொல்லிக் காலையில் கூப்பிடுகிற ஆளிடம் அதை எப்படிப் பிரயோகிப்பது என்று மூவருக்கும் தெரியவில்லை. மே மாதம் விலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு சுப்பர் மார்க்கட் எங்களுக்குப் பணம் தரும் கடன் தவணையை 30 நாளிலிருந்து 45 நாளாக்கியது. எங்கள் பக்கத்தில் ஒரு எதிர்க் கேள்விகூட வரவில்லை. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு இனிப் பயிற்சி என்ற பேச்சே வேண்டாம் என்றார்.

முற்றத்தில் ஒரு கிழமை

நான் அவரிடம் ஒரு கிழமை மட்டும் கேட்டேன். பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் நம் ஆட்கள் எப்படித்தான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்றேன். ஜூனில் ஒரு கிழமை கொப்பியும் பேனையுமாக லொறி ஏற்றும் முற்றத்திலும் சேகரிப்பு இடங்களிலும் உட்கார்ந்தேன். 41 பேச்சுகளை எழுதி வைத்தேன்.

அதில் ஒன்றை அப்படியே சொல்கிறேன். காலை 5.40. பனி இறங்கி முற்றத்து லைட்டைச் சுற்றி வெள்ளையாக நிற்கிறது. 1,200 கிலோ கரட் லொறியில் ஏறிவிட்டது, படங்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விற்பனைத் தம்பியின் போன் அடிக்கிறது, கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் போடுகிறார். மறுமுனையில் கொள்வனவு அதிகாரி, சிங்களத்தில்: நேற்று வந்த கரட்டில் எட்டுக் கிலோ சரியில்லை, இன்று கிலோவுக்குப் பத்து ரூபா குறைத்துப் போடுங்கள். தம்பி உடனே "ஹரி சேர்" (சரி சேர்) என்றார். போன் வைக்கப்பட்டது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் இருக்காது.

அன்றைக்கு விலை கிலோ 220. எட்டுக் கிலோ முழுவதும் குப்பைக்குப் போனாலும் 1,760 ரூபாதான். அதற்காக நாங்கள் விட்டது 12,000. தம்பியிடம் கணக்கைக் காட்டியபோது முகம் சுருங்கிவிட்டது. அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கலாம் என்பதே மனதில் வரவில்லை.

41இல் 26 பேச்சுகளில், மறு பக்கம் இரண்டாவது தடவை கேட்கும் முன்பே எங்கள் ஆள் விலையை அசைத்திருந்தார். வாங்கும் பக்கத்திலும் அதுதான். கந்தப்பளையில் லீக்ஸ் கொடுக்கும் ஓர் அக்காவிடம் எங்கள் ஆள் "இன்னைக்கு நூத்தி நாப்பதுதான் அக்கா" என்றார். அவர் பதில் சொல்லவில்லை, நிமிரவும் இல்லை, லீக்ஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எங்கள் ஆளே "சரி, நூத்தி அம்பது போட்டுக்கலாம்" என்றார். அந்தக் கிழமை நான் பார்த்ததில் சிறந்த பேரம் அதுதான், அதைச் செய்தவர் எங்கள் ஆள் இல்லை.

கொப்பியைத் திரும்பப் படித்தபோது, பயிற்சியால் தீராத ஒரு விஷயமும் தெரிந்தது. விற்பனைப் பக்கத்தில் "ஆம்" சொல்ல எல்லோருக்கும் அதிகாரம் இருந்தது, "இல்லை" சொல்லப் பணிப்பாளரைக் கேட்க வேண்டும், காலை ஆறு மணிக்கு அவர் போன் எடுக்க மாட்டார். லொறி நிற்கிறது, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறார், யாராக இருந்தாலும் ஆம் என்றுதான் சொல்வார்கள். அதோடு எந்த விலைக்குக் கீழே போனால் நட்டம் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது, அந்தக் கணக்கு அக்கவுண்ட்ஸ் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை.

இன்னொன்றும் எனக்குப் பட்டது. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள், நானும் அப்படித்தான். பேச்சுவார்த்தை என்ற சொல்லை நாங்கள் சின்ன வயதில் கேட்டது சம்பளப் பேச்சுவார்த்தையில்தான். கூட்டு ஒப்பந்தம் என்றால் யாரோ பெரியவர்கள் கொழும்பில் உட்கார்ந்து பேசுவார்கள், முடிவை நாங்கள் செய்தியில் கேட்போம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. பேசுவது நம் வேலை இல்லை, நமக்காக வேறு யாரோ பேசுவார்கள் என்ற பழக்கம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. வருகிற வளவாளருக்கு, அதாவது பயிற்சி நடத்துகிறவருக்கு, இது புரிய வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

யாரைக் கேட்டோம், யாரை எடுத்தோம்

பணிப்பாளர் கொப்பியைப் படித்துவிட்டு இரண்டு விஷயத்துக்குச் சம்மதித்தார். ஒன்று, ஒவ்வொரு மரக்கறிக்கும் அடிவிலை எழுதிய தாள் தினமும் மாலையில் ஒன்பது பேருக்கும் போகும், அதற்கு மேல் ஆம், இல்லை இரண்டையும் அவர்களே சொல்லலாம். மற்றது, பயிற்சிக்கு இன்னொரு முறை பணம்.

ஏழு இடத்துக்கு இரண்டு பக்கத்தில் எங்கள் நிலைமையை எழுதி அனுப்பினேன். நாலு பேர் பதில் போட்டார்கள், மூன்று பேரை நேரில் சந்தித்தோம். எல்லோரிடமும் கேட்டவை: விலைமனுவில் பெயர் எழுதித் தருகிற வளவாளரே வருவாரா, ஒத்திகை எந்த மொழியில், பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்கு அப்புறம் என்ன செய்வீர்கள், ஆறு மாதத்துக்கு முன் உங்களிடம் பயிற்சி எடுத்த ஓரிடத்துத் தொலைபேசி எண் தர முடியுமா.

முதல் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய விவரக் கோவையும் விலையும் அனுப்பியது. அவர்கள் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி எத்தனை பேர் என்பதுதான். பலனுக்குச் சான்று கேட்டபோது பயிற்சி முடிந்த அன்று மாலை நிரப்பிய கருத்துப் படிவங்களைக் காட்டினார்கள், எல்லாம் ஐந்துக்கு நாலரைக்கு மேல். டொனால்ட் கேர்க்பற்றிக் என்பவர் 1959இலேயே பயிற்சியின் பலனை நாலு படியாகப் பிரித்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைவு வந்ததா. மாலைப் படிவம் முதல் படி மட்டும்தான். பெப்ரவரியில் எங்கள் மூவரும் நிரப்பிய படிவத்திலும் நல்ல புள்ளிதான் இருந்திருக்கும், நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்.

இரண்டாமவர் தனி ஆள், மலையகத்தில் பலருக்கும் தெரிந்த பேச்சாளர், அருமையான தமிழ். ஒரு நாளுக்கு 60,000. அரை மணி நேரம் மாதிரிக்குப் பேசினார், எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பணிப்பாளருக்கு அவரையே பிடித்தது, எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் எங்கள் ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை. நீச்சலைப் பற்றி எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் தண்ணீரில் இறங்காமல் வராது. கொள்வனவு வேலை தனக்குத் தெரியாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார், அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை.

மூன்றாவது கண்டியிலிருந்து இரண்டு பேர். ஒருவர் பல வருடம் சில்லறை வியாபார நிறுவனமொன்றில் கொள்வனவில் இருந்தவர், அதாவது எங்கள் தம்பியோடு 5.40க்குப் பேசுகிற அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். மற்றவர் மூன்று மொழியிலும் பயிற்சி நடத்துகிறவர். விலை கேட்டதற்கு இரண்டு கிழமை பதிலே சொல்லவில்லை, எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அதற்குப் பதில் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. கடைசியாக எந்த ஒப்பந்தத்தில் தோற்றீர்கள், அந்தத் தாளைப் பார்க்கலாமா, ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு முற்றத்துக்கு வரலாமா. போன் பேச்சுகளின் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது சரியில்லை என்று சொல்லி என் கொப்பியைக் கொடுத்தேன். இரண்டு நாளில் முழுவதும் படித்துவிட்டு, "26இல் எத்தனை லொறி ஏறிய பிறகு வந்த கோல்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எண்ணிப் பார்த்தால் 17. அதிகாரிகள் வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தெரிவு செய்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் கேள்வி வந்த அன்றே என் மனதில் முடிவு ஆகிவிட்டது.

அவர்கள் விலை 285,000. முற்றத்தில் ஒரு நாள், ஆறு கிழமைக்குள் நாலு அரைநாள், அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து பார்ப்பது. நாங்கள் குறைக்கச் சொன்னோம். கேட்டதற்காக அவர்கள் குறைக்கவில்லை. எது உங்களுக்குக் கஷ்டம், மொத்தத் தொகையா, ஒரே நேரத்தில் கொடுப்பதா என்று கேட்டார்கள். ஹோட்டல் வேண்டாம், எங்கள் தரம் பிரிக்கும் கொட்டகையே போதும், அச்சடித்த கோப்புகள் வேண்டாம் என்று முடிவாகி 260,000க்கு வந்தது. மூன்று தவணை, கடைசித் தவணை பயிற்சி முடிந்து அறுபது நாளுக்குப் பிறகு. ஆளுக்குக் கிட்டத்தட்ட 28,900 ரூபா. சொல்லித் தரப் போவதை எங்களிடமே செய்துகாட்டினார்கள் என்று பணிப்பாளர் அன்று மாலையே சம்மதம் சொன்னார்.

எங்கள் கணக்காளருக்கு ஓர் ஆட்சேபம் இருந்தது. இவர்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்தவர்கள் இல்லை, முதல் நிறுவனம் பதிவு செய்தது. நியாயமான கேள்விதான். நீண்ட பாடநெறிக்கு ஆட்களை அனுப்புவதென்றால் நானும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பேன். எங்களுக்குத் தேவை எங்கள் கோல்களை வைத்து ஒத்திகை பார்ப்பது, அதைப் பதிவுச் சான்றிதழ் சொல்லாது என்று எழுதிக் கோப்பில் வைத்தேன்.

கொட்டகையில் நடந்தது

ஓகஸ்டும் செப்டெம்பரும். கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். முதல் அமர்வே அந்தக் கரட் கோல்தான், சிங்களத்தில், முன்னாள் கொள்வனவுக்காரரே அதிகாரியாக நடித்தார். நடிப்பு என்று தெரிந்தும் தம்பி முதல் தடவை "ஹரி சேர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வளவாளர் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை என்றார். நாலாவது தடவையில் தம்பி சொன்னது: "எட்டுக் கிலோவையும் இன்றைய பில்லில் கழித்துவிடுகிறேன் சேர். விலை நேற்றுப் பேசியதுதான்." சொல்லிவிட்டு மனதுக்குள் ஏழு வரை எண்ண வேண்டும், இடையில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அந்த ஏழு எண்ணுவதுதான் எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. மூன்றில் வாய் திறந்துவிடுவார்கள்.

கோட்பாடு கொஞ்சம்தான். பேச்சு முறிந்தால் நம் கையில் இருக்கும் அடுத்த நல்ல வழி என்ன என்று முதலில் பார் என்பது ரொஜர் பிஷரும் வில்லியம் யூரியும் 1981இலிருந்து பரப்பிய கருத்து, ஆங்கிலச் சுருக்கத்தில் பட்னா (BATNA) என்பார்கள். கொட்டகையில் அது "இந்த லொறி திரும்பினா எங்க போகும்?" என்று ஆனது. தம்புள்ளை மொத்தச் சந்தை என்றால் என்ன விலை, பேலியகொடைச் சந்தை என்றால் என்ன விலை என்று ஒவ்வொரு நாளும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய வங்கி தினமும் வெளியிடும் விலை அறிக்கையைப் பார்த்து வெள்ளைப் பலகையில் எழுதத் தொடங்கினோம். அதிகாரி விலை இறங்கிவிட்டது என்றால், எங்கே எவ்வளவு இறங்கியது என்று கேட்க இப்போது கையில் எண் இருக்கிறது.

அமர்வுகளைப் பிற்பகலில் வைத்தது சரிவரவில்லை. லோட் ஏற்றும் நேரம். மூன்றாவது அமர்வுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். ஞாயிறுக்கு மாற்றி ஓவர்டைம் கொடுத்தோம், அந்தச் செலவு என் கணக்கில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு

நவம்பரில் மறுபடி ஒரு கிழமை உட்கார்ந்தேன். 38 பேச்சில் 11இல்தான் எங்கள் ஆள் அவசரப்பட்டு அசைந்தார். லொறி ஏறிய பிறகு வரும் கோலுக்குத் தம்பி, பழுதான கரட்டின் படத்தை அனுப்புங்கள், கழிக்கிறேன் என்கிறார். பாதி நாளில் படமே வருவதில்லை. 2025 ஜனவரியில் கடன் தவணையைப் பற்றி நாங்களே பேச்செடுத்தோம். 30 நாள் கேட்டோம், ஒரு சுப்பர் மார்க்கட் 35க்கு வந்தது, மற்றது 45இலேயே நிற்கிறது. எல்லாம் பயிற்சியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அடிவிலைத் தாளும் "இல்லை" சொல்லும் அதிகாரமும் பாதி வேலையைச் செய்தன.

ஒரு ஹோட்டலை இழந்தோம். எட்டு வருட வாடிக்கை. வழக்கமாக ஐந்து ரூபா குறைக்கச் சொல்லி, பிள்ளைகள் சுகமா என்று விசாரித்துவிட்டு வைக்கிற மனிதர். எங்கள் ஆள் அவரிடமும் ஏழு வரை எண்ணி மௌனமாக இருந்திருக்கிறார். அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். யாரிடம் எதைப் பாவிப்பது என்பதற்கு நாலு அமர்விலும் நேரம் ஒதுக்கவில்லை.

இதைவிடப் பெரிய அடி தோட்டக்காரர் பக்கம். வாங்கும் ஐந்து பேரும் அதே கொட்டகையில் அதே பாடத்தைத்தான் படித்தார்கள். சுப்பர் மார்க்கட் எங்களுக்குச் செய்ததை அவர்கள் தோட்டக்காரர்களுக்குச் செய்யத் தொடங்கினார்கள்: லீக்ஸை வெட்டிக் கட்டி ரோட்டோரம் அடுக்கிய பிறகு விலையைக் குறைப்பது. வெட்டிய லீக்ஸை அவர்கள் எங்கே கொண்டுபோவார்கள்? டிசம்பருக்குள் மூன்று பேர் எங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அதில் ஒருவர் கந்தப்பளை அக்கா. நான் போய்ப் பேசினேன். "நீங்க அவங்ககிட்ட வாங்குற அடிய எங்களுக்குக் குடுக்குறீங்க சேர்" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஜூன் கிழமையில் அவர் பேரத்தை வியந்து கொப்பியில் எழுதியவன் நான், அவரைப் போன்றவர்களுக்கு இந்தப் பயிற்சி என்ன செய்யும் என்று விலைமனு கேட்ட அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி எழுதவில்லை.

அந்த வாரமே விதி போட்டோம். வாங்கும் விலையை முதல் நாள் மாலையே தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டும், வெட்டிய பிறகு மாற்றக் கூடாது, தரம் குறைந்தால் அந்தக் கட்டுக்கு மட்டும் அவர் கண் முன்னால் கழிக்கலாம். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அக்கா இன்னும் வரவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சி. வாங்கும் பக்கத்துக்கான முதல் அமர்வில் தோட்டக்காரர் இருவரைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டு, எங்கள் ஆட்கள் பேசுவது அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று சொல்ல வைக்க வேண்டும். வருட வாடிக்கையாளர், ஒரு தடவைக்காரர் இருவரிடமும் ஒரே மாதிரிப் பேசக் கூடாது என்பதற்கு ஒரு முழு அமர்வு. நேரம் ஞாயிறு காலை, ஓவர்டைம் செலவு முதலிலேயே கணக்கில். பணிப்பாளரும் கிரேட்டில் உட்கார வேண்டும், அவர் வராததால் நவம்பரில்கூட இரண்டு தடவை அவரே நேரடியாகக் கோல் எடுத்து, தம்பி பிடித்து வைத்திருந்த விலையை விட்டுக்கொடுத்தார்.

கடைசித் தவணையை அறுபது நாளுக்குப் பதில் ஆறு மாதத்துக்குத் தள்ளக் கேட்பேன், ஹோட்டலும் தோட்டக்காரர்களும் விட்டுப் போனது அறுபதாம் நாளுக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கண்டிக்காரர்களையே மறுபடி கூப்பிடுகிறோம். தோட்டக்காரர் விஷயத்தை அவர்களிடம் சொன்னபோது மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெலிமடைச் சேகரிப்பு இடத்துக்கு ஒரு நாள் விடிய வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். திகதி இன்னும் குறிக்கவில்லை, இந்தப் போக லீக்ஸ் வெட்டத் தொடங்கும் முன் வரச் சொல்லியிருக்கிறேன்.